தரம் 6 மாணவியரும் தவறவிடலாகாத தடுப்பூசியும்

பாடசாலையில் தடுப்பூசி போடும் தினத்தன்று, "இந்த வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோரையும், முதல் ஊசியோடு கடமை தீர்ந்ததென்று அசிரத்தையாக இருந்துவிடுவோரையும் அடிக்கடி காண நேர்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயினின்று பெண்மக்களைக் காக்கும் பொருட்டு, இலங்கை அரசாங்கம் 2017இல் தரம் 6 மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரு தடவையாக இலவசமாய் வழங்கத் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசி, இவ்விதம் கைநழுவிப் போவது மிகவும் வருந்தத்தக்கது.

இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமான எச்.பி.வி. 16, 18 ஆகிய வைரஸ் வகைகள் பாலுறவின் வழியே பரவுபவை. தொற்றிவிட்ட வைரஸை அகற்றும் சக்தி ஊசிக்கு இல்லையாதலால், விவாகத்துக்குப் பல்லாண்டு முன்னரே, தேகம் எதிர்ப்புச் சக்தியை நன்கு உண்டாக்கும் இளம் பிராயத்தில் அது போடப்படுகிறது. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்பது ஆதாரமற்ற வதந்தி.

காய்ச்சலாலோ, பாடசாலை மாறியதாலோ, பெற்றோரின் தயக்கத்தாலோ ஊசி தவறியிருப்பின், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், பிள்ளை பிறந்தபோது வழங்கப்பட்ட சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும், முதல் ஊசி போட்ட திகதி எழுதிய துண்டு இருந்தால் அதனையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, எந்தக் கிளினிக்கில், எந்த நாளில் போடுவார்கள் என்று கேளுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம். முன்பு எந்த மருந்துக்காவது கடும் ஒவ்வாமை நேர்ந்திருந்தால், ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். சில சிறுமியருக்கு மயக்கம் வருமாதலால், போட்டபின் கால் மணி நேரம் உட்காரவைத்திருங்கள். திகதி பதிவாகியதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பின்னரே புறப்படுங்கள். இரண்டாம் ஊசி தாமதித்திருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் தாமதித்ததையே காரணமாக்கி விட்டுவிடாதீர்கள்.

உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் நாள் மாலையில் பிள்ளையிடம் இரண்டு வரித் துண்டைக் கொடுத்தனுப்புவது அறிவித்தல் ஆகாது. தாய்மாரை அழைத்து, அவர்களுக்கு விளங்கும் பாஷையில், அவர்களது சந்தேகங்களுக்குச் சமாதானம் சொல்வது உங்கள் கடமை.

தடுப்பூசி போட்டாயிற்றென்று பரிசோதனையைக் கைவிடுவதும் பிழையே; மற்ற வைரஸ் வகைகளாலும் இந்நோய் வரும். ஆதலின் முப்பத்தைந்து வயதான தாய்மார், நோய்க்குறி ஏதுமில்லாவிடினும், சுகவனிதையர் கிளினிக்கில் தம்மைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: இரண்டாம் ஊசியின் திகதி பதிவாகாத புத்தகம் உங்கள் வீட்டில் இருக்குமானால், இந்த வாரமே பணிமனைக்குச் செல்லுங்கள்.