வனேடிய உருக்குக் கத்திகளும் அவற்றின் எல்லையும்

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் பனை சீவுவதற்கும், தாமிரபரணிப் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய இடங்களில் வாழை வெட்டுவதற்கும் அரிவாளே ஆதாரமான கருவியாகும். அரிவாள் மழுங்கினால் வேலை தாமதப்படும்; பனை உச்சியில் அது வழுக்கினால் ஏறியவருக்கே அபாயம். ஆதலின், நெடுநாள் மழுங்காத உருக்கு என்று கேட்டவுடன் வாங்க ஆவல் கொள்வது இயல்பே. அயல்நாடுகளில் வனேடியம் மிகுதியாகச் சேர்த்துச் செய்யப்படும் தூள் உருக்கைப் பற்றி இவ்வாறே சொல்லப்படுகிறது. அதன் குணத்தையும் எல்லையையும் அறிந்தபின் பணம் செலவிடுவதே நலம்.

வனேடியத்தின் தொழில்

வனேடியம் ஓர் உலோகம். அது உருக்கிலுள்ள கரியுடன் கூடி மிகக் கடினமான நுண்மணிகளாகிறது. விக்கர்ஸ் அளவில் தோய்ந்த உருக்கின் கடினம் ஏறக்குறைய 700 முதல் 800. இம்மணிகளின் கடினம் ஏறக்குறைய 2,800. சுண்ணாம்புத் தளத்தில் பதிந்த சரளைபோல் இவை நின்று தேய்வைத் தடுக்கின்றன.

வனேடியத்தை மிகுதியாகச் சேர்த்துச் சாதாரண முறையில் வார்த்தால், வார்ப்பு ஆறும்போது மணிகள் பெருத்துத் திரண்டு உருக்கைக் கெடுக்கும். ஆகவே உருகிய உருக்கை வாயுவினால் பீச்சித் தூளாக்கி, அத்தூளைப் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கட்டியாக்கும் முறை 1970-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் தொழிலில் வந்தது. அமெரிக்க 10-வி உருக்கில் வனேடியம் 9.75 சதவிகிதமும் கரி 2.45 சதவிகிதமும் உண்டு.

எல்லைகள் நான்கு

1. தீட்டுதல் கடினம். பனையேறுவோர் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவது வழக்கம். அப்பொடியின் கடினம் ஏறக்குறைய 1,100. கடைகளில் கிடைக்கும் அலுமினிய ஆக்ஸைடு சாணைக்கல்லுக்கு ஏறக்குறைய 2,000. இரண்டும் வனேடிய மணியை அறுக்க மாட்டா. சுற்றியுள்ள உருக்கையே தேய்க்கும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். பாளையை நாள்தோறும் சீவுவோருக்கு நெடுநாள் மழுங்காமையைவிட, நாலைந்து இழுப்பில் மீண்டும் கூராவதே பிரதானம்.

2. அடி தாங்காது. மணிகள் மிகுந்தால் உருக்கின் தாங்குசக்தி குறையும். மட்டையை ஓங்கி வெட்டினாலும் கல்லில் பட்டாலும் வாய் பெயரும்.

3. உள்ளூர்ப் பட்டறையில் சீர்செய்ய இயலாது. 0.6 முதல் 0.8 சதவிகிதம் கரியுள்ள உருக்கைக் கொல்லர் நிறம் பார்த்துச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சித் தோய்ப்பார். 10-வி உருக்குக்கு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட, அளவு தவறாத சூளை வெப்பமும் பின்னர் பலமுறை பதப்படுத்தலும் தேவை.

4. துரு நீங்காது. 10-வி உருக்கில் குரோமியம் 5 சதவிகிதமளவே. உப்பளக் காற்றில் அதுவும் துருப்பிடிக்கும். 14 சதவிகிதம் குரோமியமுள்ள வகை துருவை எதிர்க்கும்; ஆயினும் முதல் இரு குறைகளும் அதற்கும் உண்டு.

சிறிதளவின் நன்மை

வனேடியமே தீது என்று கொள்ளலாகாது. தென்னிந்திய உருக்குக் கட்டிகளில் செய்த பழைய டமாஸ்கஸ் வாள்களின் வரிகளுக்கு மிகச் சிறிதளவு வனேடியம் துணையாயிருந்ததென 1998-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. லாரிக் கமான் பட்டைகளுள் சிலவற்றிலும் 0.1 முதல் 0.2 சதவிகிதம் உண்டு. அது உருக்கின் மணியை நுண்மையாக்கி உறுதி தருகிறது.

வாங்குமுன் செய்யத்தக்க பரீட்சை

பழைய அரிவாளின் வாயை வெளிச்சத்தில் நோக்குக. வளைந்திருப்பின் தோய்ச்சல் போதாது. பெயர்ந்திருப்பின் தோய்ச்சல் மிஞ்சிற்று, அல்லது வாய் மெலிந்தது. பழுப்புக் குழிகள் இருப்பின் துரு. வளையாமலும் பெயராமலும் உருண்டு பளபளப்பாயிருந்தால் மட்டுமே தேய்வு. வனேடியம் மிகுந்த உருக்கு இந்த ஒரு குறைக்கே மருந்தாகும். கயிறு, அட்டை, பிளாஸ்டிக் முதலியவற்றை இடைவிடாது அறுக்கும் இயந்திரக் கத்திகளுக்கு அது மிகப் பொருத்தம்.

அரிவாளுக்கோ, நல்ல கொல்லர் அடித்த கரி உருக்கே போதும். அந்திதோறும் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெய் பூசி வைக்க. கருவி வாங்கக் கடன் கோருவோருக்குக் கிராம அதிகாரிகள் இப்பரீட்சையை முதலில் எடுத்துச் சொல்வார்களாயின் வீண்செலவு குறையும்.