பங்களா சூப்பை நம்ம லயத்திலும் காய்ச்சலாம்

சூப் என்றால் நமக்கு ஞாபகம் வருவது துரை பங்களாவும் நுவரெலியா ஹோட்டல்களும்தான். வெள்ளைக் கோப்பையில் மஞ்சளாக, மேலே ஒரு கரண்டி கிறீம் விட்டு வருமே, அது பூசணிக்காய் சூப். அதைக் காய்ச்சிக் கொடுத்த பங்களா அப்புமார் நம்ம லயத்து ஆட்கள்தான். ஆனால் நம்ம வீட்டு அடுப்பில் அந்தச் சூப் ஏறியது குறைவு. "கிறீம் வாங்க நமக்கு வசதி ஏது?" என்று விட்டுவிடுகிறோம். கிறீம் இல்லாமலே அந்த வழவழப்பு வரும். பூசணிக்காயின் சதை, ஒரு கைப்பிடிப் பருப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், இவை போதும். இம்முறை அதன் பக்குவத்தைத்தான் எழுதுகிறோம்.

ஆசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர். இதற்குக் காரணம் பல உண்டு. அதில் ஒன்று நம்ம அடுப்படியிலேயே இருக்கிறது: கைப்பிள்ளைக்கு ஊட்டும் சாப்பாடு தண்ணியாக இருப்பது. எட்டு கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அந்த இடத்தைச் சோத்துத் தண்ணியோ பருப்புத் தண்ணியோ நிரப்பிவிட்டால், பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், ஆனால் உடம்பில் ஒண்ணும் ஒட்டாது. "நல்லாத்தானே குடிச்சிச்சு" என்பார் பாட்டி. குடித்தது தண்ணி. ஆகவே கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல், மெதுவாக விழுகிற மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டும். இந்தச் சூப்புக்கு அதுதான் அளவு.

இனிக் காயைப் பார்ப்போம். ஹோட்டல்காரர் தேடுவது பட்டர்நட் என்ற, சுரைக்காய் போல் நீண்ட, வெளிர் மஞ்சள் தோல் பூசணி. இப்போது டவுன் சந்தைகளிலும் கிடைக்கிறது. தோல் மெல்லிசு, நார் குறைவு. அது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், நம்ம நாட்டுப் பூசணியே போதும். வெட்டினால் உள்ளே நல்ல செம்மஞ்சளாக இருக்க வேண்டும். வெளுத்த காய் சூப்புக்கு ருசிக்காது. அந்த நிறத்தைக் கொடுக்கிற சத்துத்தான் உடம்பில் போய் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது தேவை. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்கக்கூடாது.

முழுக் காயாகக் காம்போடு வாங்கினால், ஈரமில்லாத இடத்தில் பலகை மேல் வைத்து வாரக்கணக்கில் பாவிக்கலாம், பிரிட்ஜ் தேவையில்லை. சிமெந்துத் தரையில் வைத்தால் அடி அழுகும். ஒரு காய் பெரிசாக இருந்தால் பக்கத்துக் காம்பராவோடு பாதி பாதி பிரித்துக்கொள்வது நல்லது. வெட்டியது அதிக நாள் தாங்காது.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தோல் சீவிய பூசணி அரைக் கிலோ, மைசூர் பருப்பு ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், இஞ்சி சிறு துண்டு, கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, மிளகுத்தூள், உப்பு. தேங்காய் விற்கிற விலையில் முழுக் காய் உடைக்கச் சொல்லவில்லை. கால் மூடித் துருவல் போதும்.

சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலையை வதக்குங்கள். பிறகு பூசணித் துண்டுகளைப் போட்டு, தண்ணி விடாமல், ஓரம் லேசாகச் சிவக்கும் வரை புரட்டுங்கள். இந்தப் பத்து நிமிசத்தில் அவசரப்பட வேண்டாம். பங்களாவில் காயை அவனில் சுட்டு எடுப்பது இந்த இனிப்புக்காகத்தான். பச்சையாக அவித்தால் வெறும் பூசணித் தண்ணி வாசம்தான் வரும். அடுத்து கழுவிய பருப்பைப் போட்டு, காய் மூழ்கும் மட்டும் தண்ணி விட்டு மூடி வையுங்கள். நிறைய விட்டுப் பிறகு வற்றக் காய்ச்சுவது விறகுக்கும் நட்டம். இருபது, இருபத்தைந்து நிமிசத்தில் கரண்டியால் அமுக்கினால் காய் மசியும், பருப்பு கரைந்திருக்கும்.

இறக்கி, கறிவேப்பிலையை எடுத்துவிட்டு மத்தால் நன்றாகக் கடையுங்கள். இன்னும் மிருதுவாக வேண்டுமென்றால் சல்லடையில் போட்டு அகப்பையின் பின்பக்கத்தால் தேய்த்து இறக்கலாம். மிக்ஸி உள்ள வீட்டில் ஆறவிட்டு அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மூடி அரைத்தால் மூடி எகிறி முகத்தில் அடிக்கும். கடைந்ததைத் திரும்பச் சின்ன நெருப்பில் வைத்துத் தேங்காய்ப்பாலை விட்டுக் கிளறுங்கள். ஆவி வந்ததும் இறக்க வேண்டும். பால் விட்ட பிறகு தளதளவென்று கொதித்தால் திரைந்து போகும், வழவழப்பும் போய்விடும்.

ஒரு வயதாகாத பிள்ளைக்குரிய பங்கை உப்பும் மிளகும் போடுமுன்பே எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். அவித்த முட்டை மஞ்சள் கருவையோ, வேகவைத்து மசித்த முருங்கைக்கீரையையோ அதில் சேர்க்கலாம். கிளினிக்கில் தரும் திரிபோஷாவை இதற்காக நிறுத்திவிடக் கூடாது. பெரியவர்களுக்கு ரொட்டியோடு தொட்டுச் சாப்பிட நல்ல பொருத்தம். கடையில் விற்கும் சூப் கட்டி வேண்டாம், அதில் பெரும்பங்கு உப்புத்தான்.

சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்காமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சோகை என்று கிளினிக்கில் சொன்ன அம்மாமார் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். பெரியவர்கள் சூப்பில் நாலு சொட்டு தேசிக்காய்ச் சாறு பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து சேர உதவும். கைப்பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடுக்கவே வேண்டாம்.

காலையில் பெரட்டுக்கு ஓடுகிற அம்மாவுக்கு இதெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். இரவே காயைச் சீவி மூடி வைத்தால், காலையில் சோறு வேகும்போது பக்கத்து அடுப்பில் இதையும் வைக்கலாம். மத்துப் பிடித்துக் கடைய அப்பாமாருக்கும் கை இருக்கிறது. பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்தனுப்பும் பங்கில் தேங்காய்ப்பால் விடாமல், ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் சேர்த்து, மூடியுள்ள பாத்திரத்தில் சூடாக அனுப்புங்கள். பத்து மணிக்குள் ஊட்டிவிடும்படி ஆயாவிடம் சொல்லிவிடுங்கள். பால் விட்டதை இரவுக்கு மேல் வைக்கக்கூடாது. விதையை வீசாமல் கழுவிக் காயவைத்து வறுத்தால் பெரிய பிள்ளைகள் கொறிக்க ஆகும். லயத்துக்குப் பின்னால் இடமிருந்தால் நாலு விதையை எருக்குழி ஓரம் ஊன்றிவிடுங்கள். குளிர் கூடிய மேல்மலைத் தோட்டங்களில் கொடி மந்தமாக இருக்கும், கீழ்மலைப் பக்கம் நன்றாகவே ஓடும்.