அரை அங்குலத்துக்கு ஓர் அடி
மாதிரி மீன்பிடிப் படகுக்கு உயிர் கொடுப்பது எது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் 61 நாள். கடலில் மீன் பெருகட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. படகுக்காரர்களுக்கு வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் இரண்டு மாதம். மாதிரிப் படகு செய்கிறவர்களுக்கோ இதுதான் சீசன்.

காரணம் எளிது. மற்ற மாதங்களில் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் படகின் மேல்பாதிதான் கண்ணில் படும். தடைக்காலத்தில் மராமத்துக்காகக் கரையேற்றிய படகுகளின் அடிப்பாகம் முழுசாகத் தெரியும். அடிக்கட்டை எங்கே வளைகிறது, சுக்கானுக்கும் புரொபெல்லருக்கும் இடையே எவ்வளவு இடம், பழைய பெயின்ட் எந்த இடத்தில் உரிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டேப் பிடித்து அளக்கலாம்.

நான் இருக்கும் நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயர் சிலை உண்டு. கடல் மட்டும் கிடையாது. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து காசிமேடு போக வேண்டும். ஃபைபர் படகு பார்க்கவேண்டுமென்றால் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பம். ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளுக்கு அந்த ஊர்களில் பெட்டி பெட்டியாகக் கிட் கிடைக்கிறது: வரைபடம், வெட்டிய பலகை, பித்தளைச் சாமான் எல்லாம் உள்ளே இருக்கும். நம் ஊர்ப் படகுக்கு அப்படி எதுவும் இல்லை. மர விசைப்படகுகள் பெரும்பாலும் மேஸ்திரியின் கைக்கணக்கில் உருவானவை. ஆகவே கரையில் நிற்கும் படகுதான் வரைபடம்.

நான் எடுத்துக்கொண்டது 28 அடி ஃபைபர் படகு. அளவு 24-க்கு 1, அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். கணக்குப் போட இதைவிட வசதியான அளவு இல்லை. படகு 14 அங்குலம், ஐந்தரை அடி ஆள் இரண்டே முக்கால் அங்குலம். மேலோட்டைச் செய்து முடிப்பதுவரை எல்லோரும் ஒரே வழியில்தான் போவார்கள். அதன் பிறகு என்ன சேர்ப்பது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். ‘நிறையச் சேர்த்தால் நிஜம் போல இருக்கும்’ என்று நினைத்தால் படகு பரிசுப்பொருள் கடை சாமானாகத்தான் முடியும். சேர்க்கும் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதைக் கடலில் யார், எப்போது, எந்தப் பக்கம் நின்று பிடிப்பார்?

முதல் கேள்வி: தண்டு தூக்குமா?

ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், பாதி முடிந்த மாதிரியின் படத்தைச் செல்போனில் காட்டினேன். நிறத்தைப் பற்றியோ பெயரைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலால் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தண்டு தூக்குமா சார்? தூக்கலைன்னா கரைக்கு எப்டி வரும்? மண்ல குத்திக்கும்ல.”

சென்னைக் கரையின் முழுப் பிரச்சினையும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடுகிறது. குப்பத்துப் படகுக்குத் துறைமுகம் கிடையாது. அலையேறி மணலில் வந்து நிற்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு அச்சில் உட்கார்ந்திருக்கும் டீசல் எஞ்சினிலிருந்து நீளமான தண்டு பின்னால் போகிறது. அதன் நுனியில் புரொபெல்லர். கரை நெருங்கும்போது ஓட்டுகிறவர் கைப்பிடியை அமுக்கினால் தண்டு தண்ணீரை விட்டு மேலேறும். மீதி தூரத்தை அலை பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பெரிய பொறியாளர்களும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ‘வங்காள விரிகுடாத் திட்டம்’ 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் அலுவலகம். நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்வின் குல்பிரான்ட்சன் உள்ளிட்டோர் அலையேறிக் கரை சேரும் படகுகளை இந்தத் திட்டத்துக்காக வடிவமைத்தார்கள். ‘பாப் டிரைவ்’ என்று அவர்கள் பெயரிட்ட அமைப்பில் எஞ்சினும் தண்டும் சேர்ந்தே சாயும். புரொபெல்லர் மேலே வந்துவிடும். குப்பத்துக்காரர் கேட்ட அதே கேள்விக்கான விடைதான் இதுவும்.

மாதிரியில் இதைச் செய்ய 3 மி.மீ. பித்தளைக் குழாயும், அதற்குள் சுற்றும் 2 மி.மீ. எஃகுக் கம்பியும் போதும். பித்தளைப் பட்டையை ‘ப’ வடிவில் வளைத்துக் கவை ஒன்று. இடம் வலம் திரும்ப அதன் அடியில் ஓர் ஆணி, மேலும் கீழும் ஆடக் குறுக்கே ஓர் ஆணி. கவனிக்க வேண்டியது எடைச் சமநிலை. நிஜப் படகில் எஞ்சினின் கனம் ஒரு பக்கமும் தண்டின் கனம் மறுபக்கமும் இருப்பதால்தான் ஒற்றை ஆள் சுலபமாகத் தூக்குகிறார். சிறிய மோட்டாரை எஞ்சின் கூட்டுக்குள்ளேயே வைத்தால் மாதிரியிலும் அந்தச் சமநிலை வந்துவிடும். மோட்டாருக்குப் போகும் ஒயர் சிலிக்கான் உறை போட்ட மென்மையான ஒயராக இருக்க வேண்டும். சாதாரண ஒயர் விறைத்துக்கொண்டு தண்டை ஒரு பக்கமாகத் தள்ளும்.

வலை குவியும் முறை

கடையில் விற்கும் மாதிரிப் படகுகளில் வலையைத் துணி உலர்த்தியதுபோல மேலே போர்த்தியிருப்பார்கள். ஆனால் நிஜத்தில் வலையை ஓடும் படகிலிருந்து விட வேண்டும். சிக்கினால் அன்றைய தொழில் போச்சு. அதனால் மிதவைக் கயிறு ஒரு பக்கமும் ஈயம் கோத்த கயிறு இன்னொரு பக்கமுமாக, மடிப்பு மடிப்பாக அடுக்குவார்கள். கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே வரும். மாதிரியிலும் அதே வரிசையில் அடுக்க வேண்டும். சும்மா திணித்த வலையைத் தொழில் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

வலைக்கண்ணின் அளவும் முக்கியம். விசைப்படகின் இழுவை மடியில் வால்பகுதிக் கண் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது தமிழக விதி. 24-ல் ஒரு பங்கு என்றால் 1.7 மி.மீ. கொசுவலைத் துணி ஏறக்குறைய அந்த அளவுக்குப் பொருந்தும். பழைய கொசுவலையைச் சாய்வாக வெட்டினால் கண் சதுரமாகத் தெரியாமல் டைமண்ட் வடிவில் விழும். மிதவைக்குச் சின்னப் பாசிமணி. ஈயத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியை நூலின்மேல் இரண்டு சுற்று சுற்றி நறுக்கினால் ஆயிற்று.

கயிறுதான் படுத்தும். 12 மி.மீ. நைலான் கயிறு மாதிரியில் அரை மி.மீ. நூல். நிஜக் கயிறு தன் கனத்தில் தொங்கும், தரையில் படிந்து கிடக்கும். நூலுக்குக் கனம் போதாமல் சுருள் சுருளாக எழும்பி நிற்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, வேண்டிய வளைவில் வைத்துக் காயவிட வேண்டும். நங்கூரக் கயிற்றை அழகாக வட்டம் சுற்றி வைப்பதை விட, அணியத்தில் அது அவிழ்ந்து ஓட வழி இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

மீனை விட்டுவிட்டுப் படகு ஏது? மூன்று அடி வஞ்சிரம் ஒன்றரை அங்குலம். எம்-சீல் உருட்டிச் செய்துவிடலாம். மூன்று அங்குல நெத்திலி 3 மி.மீ. அதற்கு அலுமினியத் தாளைப் பொடிப்பொடியாக நறுக்கித் தெர்மாகோல் ஐஸ் பெட்டியில் தூவினாலே போதும்.

எந்த விளக்குக்கு மேல் எந்த விளக்கு?

விளக்கு எரியும் படகென்றால் பார்க்கிறவர்கள் உடனே அசந்துபோவார்கள். ஆனால் எதை எரிய வைப்பது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. கடலில் மோதல் தவிர்க்கும் சர்வதேச விதிகளில் 26-வது விதி மீன்பிடிப் படகுகளுக்கானது. இழுவை மடி இழுக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை என இரண்டு விளக்கு காட்ட வேண்டும். இரண்டும் நாலாபக்கமும் தெரிய வேண்டும். வேறு வகையில் வலை போட்டிருக்கும் படகுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. படகு நகர்ந்துகொண்டிருந்தால் மட்டும் கூடவே இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் இணைத்தால் படகு பொய் சொல்லும். மீன்பிடி விளக்குக்கு ஒரு சுவிட்ச், ஓட்ட விளக்குக்கு ஒரு சுவிட்ச் வேண்டும்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் 3 மி.மீ. எல்இடி இந்த அளவில் 72 மி.மீ. விளக்குக்குச் சமம், சரியாக இருக்கும். எல்இடி-யின் ஒளி நேராக முன்னால்தான் பாயும். நாலாபக்கமும் பரவ, அதன் உருண்டைத் தலையை அரத்தால் தட்டையாக்கி எமரித் தாளில் தேய்த்துவிட வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒரே மின்தடையில் ஒரே வெளிச்சம் தராது. தனித்தனியாக எரியவிட்டுப் பார்த்து மின்தடையை மாற்றிக்கொள்வது நல்லது.

உழைத்த உடம்பு

புதுப் படகு போலப் பளபளக்கும் மாதிரியில் வேலை நடந்த அடையாளம் இருக்காது. ஆனால் அழுக்கைக் கண்டபடி அப்பினாலும் தப்பு. ஃபைபர் துருப்பிடிக்காது, எஞ்சின் கவையும் போல்ட்டும்தான் துருப்பிடிக்கும். அங்கிருந்து கீழ்நோக்கித்தான் துருக்கறை வழியும். மணலில் இழுபட்ட அடிப்பாகத்தில் பெயின்ட் நீளவாக்கில் கீறியிருக்கும். வலையேற்றும் பக்கத்து விளிம்பு மட்டும் கயிறு உரசி மழுங்கியிருக்கும். எதிர்ப்பக்கம் அவ்வளவு தேயாது. காசிமேட்டு விசைப்படகு என்றால் பக்கவாட்டில் பழைய டயர் தொங்கும். இரண்டடி டயருக்கு ஓர் அங்குலம். பொம்மைக் கார் டயர் அதற்கென்றே செய்ததுபோல அமையும்.

பதிவு எண்ணையும் சும்மா கிறுக்க முடியாது. ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கினால் ராமநாதபுரம் மாவட்டத்து விசைப்படகு. செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் ராமேசுவரத்துப் படகுகளின் இந்த எண் பழக்கம். சென்னைப் படகுக்கு அதை எழுதினால் ஊரே மாறிவிடும்.

145 கிராமுக்குள் எல்லாம்

சேர்க்கிற ஆசைக்குக் கடிவாளம் போடுவது தண்ணீர். நீளம் 24-ல் ஒரு பங்கானால் எடை 24 x 24 x 24, அதாவது 13,824-ல் ஒரு பங்காக வேண்டும். சுமையோடு இரண்டு டன் எடையுள்ள படகென்றால் மாதிரி சுமார் 145 கிராம். ஒரு 18650 பேட்டரியே 45 கிராம் தின்றுவிடும். மோட்டார், தண்டு, வலை, ஆட்கள் எல்லாம் மீதி 100 கிராமுக்குள் அடங்க வேண்டும். மேலே கனம் ஏறினால் படகு கவிழும். பித்தளைக் கம்பத்துக்குப் பதில் மூங்கில் குச்சி, ஈய உருவத்துக்குப் பதில் மரத்தில் செதுக்கிய ஆள் என்று மாறுவது இதனால்தான்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த வில்லியம் ஃபிரவுட் 1870-களில் இங்கிலாந்தில் நிறுவிக் காட்டிய விதி இது: வேகம் அளவின் வர்க்கமூலத்தால் குறையும். 24-ன் வர்க்கமூலம் 4.9. ஏழு நாட் வேகப் படகு மாதிரியில் விநாடிக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போக வேண்டும். கிண்டி ஐஐடி-யின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரிகளை இழுத்துப் பார்க்கும் தொட்டி வைத்திருப்பதும் இந்த விதியை நம்பித்தான். மொட்டை மாடித் தொட்டியில் விடும் நமக்கும் அதே விதிதான். விர்ரென்று பாய்கிற மாதிரி, எத்தனை நுணுக்கம் செய்திருந்தாலும் பொம்மைதான்.

அளந்து வைத்தவர்கள்

சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியில்லை, விலாச்சட்டமில்லை, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரிஸ், 1830-களில் உலகம் சுற்றிய பயணங்களில் சோழமண்டலக் கரைப் படகுகளையும் அளந்து வரைந்தார். 1840-களின் தொடக்கத்தில் அது நூலாக வந்தது. பின்னாளில் பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகி, தன் வரைபடங்களை வைத்து மாதிரிகளும் செய்வித்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். தையல் படகு எப்படி இருந்தது என்று இன்று ஒருவர் மாதிரி செய்ய முடிகிறதென்றால், இவர்கள் பக்கத்தில் நின்று அளந்ததால்தான்.

இன்றைய ஃபைபர் படகை அப்படி அளக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க அதுதான் என்பதால், எப்போதும் இருக்கும் என்று நினைக்கிறோம். கட்டுமரத்தைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தோம். ஆகவே மாதிரி செய்கிறவர்கள் படகோடு ஒரு நோட்டையும் வைத்துக்கொள்ளட்டும்: எந்தக் கரை, எந்த மாதம், தண்டின் நீளம், கவையின் உயரம், எந்தப் பக்கம் வலை ஏறியது, ஏன் அப்படி என்று படகுக்காரர் சொன்ன காரணம். படகைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது நோட்டையும் உள்ளே வைத்துவிட வேண்டும். அடுத்து ஒருவர் செய்ய உட்காரும்போது அவருக்கு உதவப்போவது அந்த நோட்டுதான்.