ஒளியைத் தேர்ந்தெடுக்கும் கண்ணாடி

மலாய் மொழியில் ‘ஆயர் தாவார்’ என்றால் நன்னீர் என்று பொருள். சித்தியவானுக்கும் புருவாஸுக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில் வாய்க்கால்களுக்கும் குட்டைகளுக்கும் குறைவில்லை. ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. காலை பதினொரு மணிக்கு அங்கே போய் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் வெள்ளைத் தகடு போலத் தெரியும். செம்பனை ஓலைகளில் பச்சையைவிட மினுமினுப்பே அதிகமாக இருக்கும். நீலமாகத் தெரிந்த வானமும் படத்தில் வெளிறிப் போயிருக்கும்.

நான் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். விடுமுறை நாள்களில் மாணவர்கள் சிலர் என்னோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெளிறிய படத்தைக் காட்டினால், “பரவாயில்லை அண்ணே, செயலியில் நிறத்தைக் கூட்டிக்கொள்ளலாம்” என்பார்கள். நிறத்தைக் கூட்டலாம் என்பது உண்மைதான். ஆனால், கூசும் ஒளி மறைத்துவிட்ட ஒன்றை எந்தச் செயலியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தண்ணீருக்கு அடியில் இருந்த மீனின் ஒளி கேமராவுக்குள் சரியாக வந்து சேரவே இல்லையென்றால், பிறகு எதைத் திருத்துவது? செயலி தானாக ஒரு மீனை வரைந்து வைக்கலாம். அது நீங்கள் பார்த்த மீன் அல்ல.

அந்த ஒளியைப் படம் எடுக்கும்போதே பிரித்துத் தள்ளும் கருவிதான் ‘போலரைசர்’ என்னும் வடிகட்டி. லென்ஸின் முன்னால் திருகி மாட்டிவிட்டு, வளையத்தைக் கையால் சுழற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எப்படி வடிகட்டுகிறது?

ஒளி அலை, தான் செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் மேல் கீழாகவும், இட வலமாகவும், சாய்வாகவும் எல்லா அதிர்வுகளும் கலந்திருக்கும். அதே ஒளி தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது, கிடையாக அதிரும் பகுதியே அதிகமாகத் தெறிக்கிறது. இப்படி ஒளியின் அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்குவதைத் தமிழில் ‘தளவிளைவு’ என்கிறார்கள். போலரைசர் ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். அதைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால், கிடையாக அதிரும் கூசொளி வெளியிலேயே நின்றுவிடும்.

இதற்கு ஒரு கோணக் கணக்கு உண்டு. நான்காம் படிவ இயற்பியலில் ஒளிவிலகல் எண்ணைப் படித்திருப்பீர்கள். தண்ணீருக்கு அது 1.33. எந்தக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு 1.33 என்று பார்த்தால் ஏறக்குறைய 53 பாகை வரும். நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 53 பாகை சாய்வில் பார்க்கும்போது, தெறிக்கும் ஒளி முழுவதும் ஒரே தளத்தில் அதிரும். கண்ணாடிக்கு இந்தக் கோணம் சுமார் 56 பாகை. ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1815இல் கண்ட விதி இது. அவர் பெயரால் இதைப் புரூஸ்டர் கோணம் என்கிறோம்.

கப்பலில் ஒரு தமிழர்

இந்த வடிகட்டியின் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் இந்தியா திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியத் தரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ரேலே பிரபு சொல்லியிருந்தார். அதை அப்போது பலரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

இராமனிடம் நிக்கல் பட்டகம் ஒன்று இருந்தது. படிகக் கல்லால் செய்த அந்தச் சிறு கருவி, இன்றைய போலரைசர் செய்யும் வேலையைத்தான் செய்தது. புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்தபடி அதைத் திருப்பி, வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். ரேலே சொன்னது சரியென்றால் நீலமும் மறைந்திருக்க வேண்டும். ஆனால், கடல் முன்பைவிட ஆழமான நீலத்தில் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாய் வந்து சேர்ந்ததும் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வுதான் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது.

நிக்கல் பட்டகம் சிறியது, விலை உயர்ந்தது. அமெரிக்கரான எட்வின் லேண்ட் 1929இல் மெல்லிய தாள் வடிவப் போலரைசருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் பிறகுதான் இது குளிர்க்கண்ணாடியிலும் கேமராவிலும் பரவலாக இடம்பிடித்தது.

நம் ஊர் வானத்துக்கு ஒரு கணக்கு

நீல வானத்தின் ஒளியும் காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் தளவிளைவு பெற்றதே. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில் அது மிக அதிகமாக இருக்கும். அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்கக் கையே போதும். ஆட்காட்டி விரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டை விரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டை விரல் காட்டும் இடங்களில்தான் வானம் நன்றாகக் கறுத்த நீலமாக மாறும். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய கிழக்கில் உதித்து மேற்கில் மறைகிறது. அதனால் காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்குப் பக்கம் திரும்பி எடுத்தால் நல்ல பலன் கிடைக்கும். லூமுட் கரையில் நின்று மறையும் சூரியனை நேராக எடுக்கும்போது வானத்தில் பெரிய மாற்றம் தெரியாது. புகைமூட்டம் சூழ்ந்த நாள்களிலும் பயன் குறைவு. மழை விட்டதும் செம்பனைக்குள் போய்ப் பாருங்கள். வளையத்தைச் சுழற்றச் சுழற்ற ஈர ஓலைகளின் வெள்ளை மினுமினுப்பு விலகி, உண்மையான பச்சை வெளிவரும்.

எங்கே கழற்றி வைக்க வேண்டும்?

ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ‘தாசேக் செர்மின்’ இருக்கிறது. கண்ணாடி ஏரி என்று பொருள். பாறைகள் நீரில் தலைகீழாகத் தெரிவதுதான் அதன் அழகு. அங்கே போலரைசரைத் தவறான பக்கம் திருப்பினால் அந்தப் பிம்பம் மங்கிப்போகும். வானவில்லின் ஒளியும் தளவிளைவு பெற்றது என்பதால், ஒரு திருப்பில் வானவில்லின் ஒரு பகுதியே மறைந்துவிடும். அகலமான கோண லென்ஸில் வானத்தின் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளிறியும் திட்டுத்திட்டாகத் தெரியும். நகை, எவர்சில்வர் பாத்திரம் போன்ற உலோகங்களின் பளபளப்பை இது பெரும்பாலும் குறைக்காது. மேலும், கேமராவுக்குள் வரும் ஒளி மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறையும் என்பதால், மங்கிய வெளிச்சத்தில் படம் அசைந்துவிடும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன்.

சுவரில் தொங்கும் வரலாறு

இந்த வடிகட்டியை நான் மிகவும் மதிப்பது வேறொரு வேலைக்காக. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். லயத்து வீடுகள் பலவும் இன்றில்லை. அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாகப் பல குடும்பங்களில் மிஞ்சியிருப்பது சுவரில் மாட்டிய ஒன்றிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டுமே. நம் நாட்டு ஈரக்காற்றில் பழைய படங்கள் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கின்றன. பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும். எனவே கண்ணாடியோடு சேர்த்துத்தான் நகல் எடுக்க வேண்டும். எடுத்தால் சன்னலும் மின்விளக்கும் படத்தின் மேல் விழுகின்றன.

ஒரு வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தது. பால் வாளிகளோடு வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள். இடது ஓரம் முழுவதும் சன்னலின் வெளிச்சம். பக்கவாட்டில் நகர்ந்து நின்று வளையத்தைச் சுழற்றினேன். வெளிச்சம் வடிந்த இடத்தில் ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்திருந்தாள். கேமராவின் திரையைப் பாட்டியிடம் காட்டினேன். “அது என் தங்கச்சி, தம்பி. அவளுக்கு வேற படமே இல்ல” என்றார்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசர் உதவாது. நேராகத் தெறிக்கும் ஒளியில் தளவிளைவு இல்லை. பக்கவாட்டில் நகர நகரப் பிரதிபலிப்பு குறையும். 56 பாகையை நெருங்கும்போது ஏறக்குறைய மறையும். கோணலாக வரும் படத்தைப் பிறகு செயலியில் நேராக்கலாம். இந்த இடத்தில் செயலி நல்ல துணை. நேராகவே எடுக்க வேண்டுமென்றால், விளக்குகளை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடியுங்கள். இரு பக்கமும் உள்ள விளக்குகளின் முன்னால் போலரைசர் தாளை வைத்து, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பும் முறையும் உண்டு.

வாங்குவதற்கு முன்

‘சி.பி.எல்.’ எனப்படும் வட்டத் தளவிளைவு வகையைக் கேளுங்கள். பழைய நேர்வகையைப் போட்டால் சில கேமராக்களில் ஒளி அளவீடும் குவியமும் பிசகக்கூடும். லென்ஸின் முன்புறத்தில் 52, 58, 67 என்று மில்லிமீட்டரில் விட்டம் எழுதியிருக்கும். அதே அளவில் வாங்க வேண்டும். திருகுமறை உள்ள பக்கத்தைக் கண்ணருகே வைத்து, கால்குலேட்டரின் திரையைப் பார்த்தபடி சுழற்றுங்கள். திரை கறுத்து மீண்டும் தெளிந்தால் அது போலரைசர்தான். பணம் இல்லாதவர்கள், வீட்டில் தளவிளைவுக் குளிர்க்கண்ணாடி இருந்தால் அதைக் கைப்பேசியின் லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினாலே போதும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போனால், சுவரில் இருக்கும் படங்களை இப்படி நகல் எடுத்து வையுங்கள். எடுக்கும்போதே படத்தில் உள்ளவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் பூஞ்சை பிடிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.