நிற்கும் வண்டியில்தான் பிரேக் கெடுகிறது

1970 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டைப் 2 வேனின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தத் தொடங்கியது. அதுவரை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். வெஸ்ட்ஃபாலியா போன்ற நிறுவனங்கள் இந்த வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைத்து, கூரையைத் தூக்கி நிறுத்த வழிசெய்து, ஓடும் வீடாக மாற்றி விற்றன. ஐம்பது ஆண்டு கடந்த கேம்பர் வேன்கள் இன்றும் ஐரோப்பியச் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஓயாமல் வேலை வைக்கும் பாகங்களில் ஒன்று முன்சக்கரத்து பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்.

பழைய வண்டி என்றால் காலிப்பர் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும் என்று தோன்றும். கழற்றிப் பார்த்தால் கதை வேறு. தேய்வது பேடும் டிஸ்க்கும். காலிப்பரில் இருப்பது பெரும்பாலும் துரு. அது சேருவது வண்டி நிற்கும் மாதங்களில். ஜெர்மனியில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் நம்பர் பிளேட் வாங்க முடியும். கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் பலர் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஓட்டிவிட்டுக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நிறுத்திவிடுகிறார்கள். ஈரக் காற்றில் அசையாமல் கிடக்கும் அந்த நாட்கள்தான் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு ஆகாதவை.

டைப் 2 வேனின் காலிப்பர் எளிமையானது. இரண்டு வார்ப்பிரும்புப் பாதிகளை போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். டிஸ்க்கின் இரு புறமும் பக்கத்துக்கு ஒரு பிஸ்டன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் இரண்டையும் ஒரே அளவில் தள்ளும். பிஸ்டனின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், முகப்பின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. குழாயில் 70 பார் அழுத்தம் ஏறினால் ஒவ்வொரு பிஸ்டனும் சுமார் 1,400 கிலோ எடைக்கு இணையான விசையோடு பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும்.

காலை எடுத்த பிறகு பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? டிரம் பிரேக்கில் அதற்கு ஸ்பிரிங் உண்டு. இங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு ரப்பர் வளையம். சிலிண்டரின் உள்சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து, சதுர வெட்டுமுகம் கொண்ட இந்த சீல் பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பும் கூடவே சாய்ந்து போகும். அழுத்தம் விலகியதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்குப் பின்னே இழுத்துவிடும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அந்த இடைவெளி போதும். பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கிச் சற்று முன்னேறிப் புதிய இடத்தில் நிலைகொள்ளும். யாரும் முடுக்கிச் சரிசெய்ய வேண்டியதில்லை. ஆயில் கசியாமல் காப்பது, பிஸ்டனை மீட்பது, தேய்மானத்தை ஈடுகட்டுவது ஆகிய மூன்றையும் கை வளையலை விடச் சிறிய ஒரு ரப்பர் துண்டு பார்த்துக்கொள்கிறது. நம் தெருவில் ஓடும் பைக்குகளின் டிஸ்க் பிரேக்கிலும் இதே ஏற்பாடுதான். எந்திரவியலின் அழகான தீர்வுகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்க வருவது தண்ணீர்.

பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகை வேதிப்பொருள். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் பிரேக் ஆயில் டாங்கி மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். உறிஞ்சுவதில் ஒரு நன்மையும் உண்டு. உறிஞ்சாத திரவமாக இருந்தால் வந்த தண்ணீர் துளித்துளியாகச் சேர்ந்து தாழ்வான இடத்துக்கு, அதாவது காலிப்பருக்கே, இறங்கிவிடும். சிலிகான் ஆயில் ஊற்றியவர்களுக்கு அதுதான் நடக்கிறது. ஆனால் உறிஞ்சிய ஆயிலின் கொதிநிலை சரிகிறது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

155 டிகிரி எட்டாத உயரமல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலையில் 2,504 மீட்டர் உயரத்தில் ஹோக்டோர் கணவாய் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஹைலிகன்பிளூட் கிராமத்துக்கு இறங்கினால் சுமார் 1,200 மீட்டர் சரிவு. சாமான்களோடு 2 டன் எடையுள்ள வேன் அந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 24 மெகாஜூல். அதே வேனை 90 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றலைப் போல 38 மடங்கு. எதிர்க்காற்றும் கியரில் பிடிக்கும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் வெப்பமாக மாறும். அந்தச் சூட்டில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

கொதிக்காவிட்டாலும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. வெளிப்புற டஸ்ட் கவர் கிழிந்து சாலை ஈரமும் பனிக்காலத்தில் தூவும் உப்பும் நுழைந்தால் பிஸ்டனின் குரோம் பூச்சில் ஊசிமுனைக் குழிகள் விழும். பிஸ்டன் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும், உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிதாக இருக்கும்.

பலர் அவசரப்பட்டுப் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். சக்கரம் பிடித்துக்கொண்டால் உடனே காலிப்பர்மேல் பழி போடக் கூடாது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. சோதிப்பது எளிது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அது பிடித்திருக்கும் நிலையில் காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ஏர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். குற்றம் ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் பிஸ்டன் ஜாம்.

ஜாமான பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்துவார்கள். நடுவே மரக்கட்டை வைக்காமலோ விரலை உள்ளே விட்டுக்கொண்டோ இதைச் செய்யவே கூடாது. பிஸ்டன் பாய்ந்து வந்து விரலை நசுக்கிவிடும். காலிப்பரை ஹோஸிலிருந்து கழற்றும் முன்பே பெடலை மிதித்துப் பிஸ்டனை நகர்த்திக்கொள்வது பாதுகாப்பான வழி.

அடுத்தது முடிவெடுக்கும் கட்டம்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? சிலிண்டரின் உள்சுவரில் துருவைக் கண்டதும் காலிப்பரையே தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அந்தச் சுவரில் எந்த சீலும் உராய்வதில்லை. லேசான துருவை உப்புத்தாளால் எடுத்தால் போதும். உராய்வது பிஸ்டனின் மேற்பரப்பு. அதில் குழி இருந்தால் தேய்த்துப் பயனில்லை, பிஸ்டனை மாற்ற வேண்டும்; எவர்சில்வர் பிஸ்டன் கிடைத்தால் அதையே போடுவேன், உரிந்து போகப் பூச்சே அதில் கிடையாது. கூர்ந்து பார்க்க வேண்டியது சீல் உட்காரும் பள்ளத்தை. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். பள்ளத்தின் அடியில் மெல்லிய துருப்படலம் வளர்ந்தாலே ரப்பர் வளையம் உள்நோக்கித் தள்ளப்பட்டுப் பிஸ்டனை நெரிக்கும். புது சீல், புது பிஸ்டன் போட்ட பிறகும் பிரேக் பிடித்துக்கொள்ளும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான். பித்தளைக் கொக்கியால், கீறல் விழாமல், பளிச்சென்று ஆகும்வரை சுரண்ட வேண்டும். பள்ளத்தின் விளிம்பே அரித்துப் போயிருந்தாலோ, வார்ப்பில் விரிசல் இருந்தாலோ, நிப்பிள் உள்ளே முறிந்து மரை கெட்டிருந்தாலோ மாற்றுவதுதான் சரி. மற்றபடி, பழைய வார்ப்பு நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவதே என் தேர்வு.

பெட்ரோலால் கழுவுவதும் கிரீஸ் தடவுவதும் கூடாது. பெட்ரோலியப் பொருள் பட்டால் சீல் ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டால் போதும். ஆட்டே நிறுவனம் தயாரித்த காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டன் முகப்பின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். அதை 20 டிகிரி அளவுகோல் வைத்துத் திருப்பி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கிறீச்சிடும். இடது வலது மாறினால் ஏர் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது. செய்வதை இரு பக்கமும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இடது வலது பிரேக் விசையை ரோலரில் ஒப்பிடும் அந்தச் சோதனைதான் பாதி ஜாமான காலிப்பரை முதலில் காட்டிக்கொடுக்கும். விலக்கு இருந்தாலும் வண்டியைக் கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்வது நல்லது.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பலரும் வசந்தத்தில், பயணம் கிளம்பும் முன் மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் குளிர்காலம் முழுக்கக் காலிப்பருக்குள் கிடப்பது ஈரம் குடித்த பழைய ஆயில். கேம்பர் வேனுக்கு அக்டோபரே பொருத்தமான மாதம்: கடைசிப் பயணம் முடிந்ததும் புது ஆயில் ஊற்றி, காற்றை எடுத்து, அதன் பிறகு ஷெட்டில் ஏற்ற வேண்டும்.