பாப்பாவுக்கு ஏன் அடிக்கடி தலைவலி?

வீட்டுல தம்பியோ தங்கச்சியோ “தலை வலிக்கு”ன்னு சொன்னா என்ன சொல்வீங்க? “ஹோம்வொர்க் முடிக்கலையா, நடிக்காத!” நானும் அதைத்தான் சொன்னேன்.

தாயில்பட்டியில இருக்கற சித்தி பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா. செமஸ்டர் லீவுல போனப்போதான் கவனிச்சேன். வாரத்துல நாலு நாள் பெட்டிக்கடை மாத்திரை! இந்த ஊர்ல ‘மருந்து’ன்னாலே பட்டாசு மருந்துதான். அதனால பழி முழுக்க அந்த வாடை மேல. கடுமையான வாடை சிலருக்கு மைக்ரேனைக் கிளப்பும், வாஸ்தவம்தான். ஆனா பாப்பா கதை வேற. கம்பெனி வேனைப் பிடிக்க சித்தி விடியக்காலையிலயே கிளம்பிடறாங்க. இவ வெறும் டீயோட ஸ்கூலுக்குப் போறா. பாத்ரூம் போகப் பிடிக்காம தண்ணியும் குடிக்கிறதில்ல. மூணாவது பீரியட்ல வலிக்காம என்ன செய்யும்? 2022-ல ஆரம்பிச்ச முதலமைச்சர் காலை உணவுத் திட்டம்கூட தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்களுக்காக வந்ததுதான்.

சின்னப் பிள்ளைங்க மைக்ரேன் பெரியவங்களுக்கு மாதிரி ஒத்தைத் தலைவலியா இருக்கணும்னு இல்ல. நெற்றி முழுக்க வலிக்கும், வாந்தி வரும், ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும். அதனாலதான் நாம நடிப்புன்னு முடிவு கட்டிடறோம்!

அந்த மாத்திரை மேட்டர்தான் எனக்குப் பகீர்னு இருந்துச்சு. சாதாரண வலி மாத்திரையைக்கூட மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்தைத் தாண்டிப் போட்டா, மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துடும். வாரத்துக்கு நாலுன்னா கணக்குப் போடுங்க (நான் மேத்ஸ்ல அரியர் வெச்சவன், எனக்கே புரிஞ்சுது). ஆஸ்பிரின் கலந்ததுன்னா, 16 வயசுக்குக் கீழ டாக்டர் சொல்லாம தொடவே கூடாது.

தூக்கத்துல எழுப்புற வலி, காலையில வாந்தியோட வர்ற வலி, பார்வை ரெண்டாத் தெரியறது, நடை தடுமாறுறது, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறது, தலையில அடிபட்ட பிறகு வர்றது, திடீர்னு மண்டையைப் பிளக்கிறது... இதுல எது இருந்தாலும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பாப்பாவை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். கண்ணை டெஸ்ட் பண்ணாங்க, மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க, வலி வர்ற நாளைக் காலண்டர்ல சுழிச்சுட்டு வரச் சொன்னாங்க. சிவகாசிப் பக்கம் காலண்டருக்கா பஞ்சம்! இப்ப சித்தி ராத்திரியே சோத்துல தண்ணி ஊத்தி வெச்சுடறாங்க, காலையில மோரும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டுட்டுத்தான் பாப்பா கிளம்பறா. போன மாசம் காலண்டர்ல ஆறே சுழி.