குளத்தில் விடலாமா, டீச்சர்?

ஏழாம் வகுப்பில் வாழிடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்தாள். "எங்க வீட்ல ரெண்டு ஆமை வளர்க்கிறோம் டீச்சர். வாங்குறப்ப பத்து ரூபா காசு அளவுதான் இருந்துச்சு. இப்ப தொட்டியே பத்தல. ஊர்க் குளத்துல விட்டுடலாமான்னு அப்பா கேக்குறாங்க."

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொல்லி வந்த நாம், இன்று அதிர்ஷ்டம் என்று காசு கொடுத்து ஆமை வாங்குகிறோம். உங்கள் வகுப்பிலும் விசாரித்துப் பாருங்கள். என் வகுப்பில் மேலும் மூன்று கைகள் உயர்ந்தன.

யார் இந்த ஆமை?

வண்ணமீன் கடைகளில் பச்சைக் குட்டிகளாக விற்கப்படுபவை பெரும்பாலும் செங்காது ஆமைகளே. அறிவியல் பெயர் டிராக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையால் இந்தப் பெயர் வந்தது. அந்தப் பட்டை காது அல்ல. ஆமைக்கு வெளிக்காது கிடையாது. ஆங்கிலத்தில் இதை 'ஸ்லைடர்' என்பார்கள். கட்டையிலோ பாறையிலோ வெயில் காயும்போது சிறு ஓசை கேட்டாலும் சறுக்கி நீருக்குள் மறைந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் மெக்சிகோவின் வடபகுதியும் இதன் தாயகம்.

வகுப்பறைக்குச் சில செய்திகள்

ஆமை தன் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வருவதாகக் கார்ட்டூனில் பார்த்த குழந்தைகள் நம்புகிறார்கள். அது நடக்காது. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்ததுதான் மேல் ஓடு. நம் முதுகெலும்பைக் கழற்ற முடியுமா என்று கேட்டால் அவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

இது குளிர் இரத்தப் பிராணி. உடல் வெப்பத்துக்கு வெயிலை நம்பியிருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் வைட்டமின் டி உருவாக உதவுகிறது. வெயில் படாத அறையில், கண்ணாடித் தொட்டியில் வளரும் குட்டிக்குக் கால்சியம் சேராமல் ஓடு மென்மையாகிவிடும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மண்ணின் வெப்பம் முடிவு செய்கிறது. சுமார் 26 டிகிரி செல்சியஸில் ஆண்களும், 31 டிகிரியை ஒட்டிப் பெண்களும் பொரிக்கின்றன. புவி வெப்பமாதல் பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வளர்ந்த ஆணின் முன்கால் நகங்கள் நீளமானவை. பெண்ணின் முகத்துக்கு நேரே அவற்றை அதிரச் செய்து இணையை அழைக்கும். குட்டிகள் பூச்சி, புழு, சிறு மீன்களை அதிகம் தின்னும். வளர வளர நீர்த்தாவரங்களையும் சேர்த்துக்கொள்ளும்.

தொட்டி ஏன் போதவில்லை?

வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரையும் தாண்டலாம். நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகள் வாழக்கூடும். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வயதில் வாங்கிய ஆமை, அந்த மாணவிக்கு நாற்பது வயதாகும்போதும் இரை கேட்கும்! கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டே ஆண்டில் குளம் நினைவுக்கு வருகிறது.

குளத்தில் விட்டால்?

இரக்கத்தோடு செய்யும் இந்தச் செயல்தான் பெரிய சிக்கல். எதையும் தின்று, எந்த நீரிலும் பிழைத்து, ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் முட்டையிடக்கூடியது இது. இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் உள்ளூர் ஆமைகளோடு போட்டியிடும், நோய்களையும் பரப்பக்கூடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. ஜப்பான் 2023-இல் விற்பனையையும் நீர்நிலைகளில் விடுவதையும் தடை செய்தது. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியிலும் அசாமின் தீபோர் பீல் ஏரியிலும் இவை காணப்பட்டுள்ளன. நம் குளங்களுக்கு உரிய பால் ஆமையோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதையும் நட்சத்திர ஆமையையும் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

கை கழுவினீர்களா?

நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகளுக்கு நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-இல் அமெரிக்கா தடை விதித்தது. ஆமையையோ தொட்டி நீரையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமைத் தொட்டியைக் கழுவக் கூடாது.

அவளுக்குச் சொன்ன விடை

"குளத்தில் மட்டும் விடாதீர்கள். நீந்தப் போதுமான தண்ணீர், ஏறி வெயில் காய ஒரு கல், ஒதுங்கக் கொஞ்சம் நிழல் உள்ள பெரிய தொட்டி கொடுங்கள். முடியாவிட்டால் பொறுப்பாக வளர்க்கக்கூடியவரிடம் ஒப்படையுங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்" என்றேன்.

மறுவாரம் அவள் வந்து சொன்னாள்: "மாடியில இருந்த பழைய சிமெண்ட் தொட்டியை அப்பா கழுவிக் குடுத்துட்டாங்க டீச்சர். பக்கத்து வீட்டுத் தம்பி ஆமை வேணும்னு அழுதான். முப்பது வருஷம் பாத்துக்குவியான்னு கேட்டேன்."

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை நம் வகுப்பறையிலேயே கேட்டுவிடலாம்.